மெழுகுத் திரையும் மலையகத் தோட்டங்களும்

ஊவா மாகாணத்தின் தென்சரிவிலே, கொஸ்லந்தைக்கு அண்மையில், மீரியபெத்த என்னும் தோட்டப் பிரிவு அமைந்துள்ளது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், பல நாள் மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடியதனால் இப்பெயர் நாடறிந்ததாயிற்று. நீரின் மிகையால் நேர்ந்த அவ்வழிவை நினைவுகூர்வோர், அதே சரிவு ஆண்டின் நடுப்பகுதியில் நீருக்கு ஏங்கிக் கிடப்பதை எளிதில் மறந்துவிடுவர். ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிற் கொட்டிவிட்டு, மலைத்தொடரைக் கடந்து, வறண்ட கச்சானாக ஊவாவில் இறங்குகின்றது. இவ்வறட்சியில் தளிர்க்கும் கொழுந்தே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் பெற்றுக் கொடுத்த நறுமணத்தைத் தருவது. ஆனால், கொழுந்துக்கு மணத்தைக் கொடுக்கும் அக்காற்று, அதே செடியில் வாழும் சின்னஞ்சிறு பூச்சிக்கு உயிராபத்தாகும்.

இதன் காரணம் எளிய கணக்கில் அடங்கும். ஓர் உடல் சிறுக்கச் சிறுக்க, அதன் கனவளவோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு பெருகும். ஒரு மீற்றர் பக்கமுள்ள கனசதுரத்தை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சுருக்கினால், மேற்பரப்புக்கும் கனவளவுக்கும் உள்ள விகிதம் ஆயிரம் மடங்காகும். தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறுவண்டு ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் நீளமே உள்ளது. அது தன் உடலில் வைத்திருக்கும் நீரோ ஒரு துளியிலும் மிகக் குறைவு. அத்தகைய நீர்த்துளியைத் திறந்த வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் ஆவியாய் மறையும். பூச்சியோ மாதக்கணக்கில் உயிர்வாழ்கின்றது. இவ்வியப்புக்கு விடை அதன் மேனியிலேயே உள்ளது. அவ்விடையை விஞ்ஞானம் கண்டறிந்த வரலாறும், கண்டறியுமுன்னரும் பின்னரும் மலையகத் தோட்டங்களிற் பூச்சியை எதிர்த்து நடந்த போராட்டத்தின் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அப்போராட்டத்தின் சுமையைத் தம் உடலில் தாங்கியவர் யாவர் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும்.

பூச்சிக்கு நம்மைப்போல் உள்ளெலும்பு இல்லை. அதன் புறத்தோலே எலும்பும் கவசமுமாக நின்று உடலைத் தாங்குகின்றது. இப்புறத்தோலின் பெரும்பகுதி கைட்டின் என்னும் பொருளாலும் புரதத்தாலும் ஆனது. நீண்ட காலமாக அறிஞர்கள் கைட்டினே நீரைத் தடுக்கின்றது என எண்ணியிருந்தனர். உண்மை அதுவன்று. கைட்டின் வலிமை தருமேயன்றி, நீரைத் தடுப்பதில் வல்லதன்று. அதன்மேல் மிக மெல்லிய வெளியேடு ஒன்றுண்டு. அவ்வேட்டிலே மெழுகுப் படலம் ஒன்று பரவியிருக்கின்றது. பல பூச்சிகளில் அம்மெழுகின்மேல் அரக்குப் போன்ற காப்புப் பூச்சு ஒன்றும் காணப்படும். மெழுகுப் படலத்தின் தடிப்போ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவானது. கண்ணுக்குப் புலனாகாத இத்திரையே பூச்சிக்கும் வறட்சிக்கும் இடையில் நிற்கும் மதில்.

இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றில் முதலிற் பேர்பெற்ற பூச்சி, மேனிப் பாதுகாப்பிற் கைதேர்ந்த ஓர் இனத்தைச் சேர்ந்ததாய் இருந்தமை கருதத்தக்கது. 1840களிற் கோப்பித் தோட்டங்கள் காட்டை அழித்துப் பரவிக்கொண்டிருந்த காலத்திலே, கிளைகளிலும் இலைகளின் அடியிலும் பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருப்பதைத் தோட்டக்காரர் கண்டனர். அச்செதில்கள் அசைவதில்லை, பறப்பதில்லை, உயிருள்ளனவென்று சொல்வதற்கே கடினம். அவை சாற்றை உறிஞ்சிக்கொண்டு ஓரிடத்திலேயே வாழும் பெண் பூச்சிகள். கவிழ்த்த கிண்ணம் போன்ற முதுகுக் கவசத்தின் கீழே முட்டைகள் காக்கப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அத்தியட்சராயிருந்த ஜோர்ஜ் கார்ட்னர் 1848இல் இப்பூச்சியைப் பற்றி அறிக்கை எழுதினார். ஜேர்மனியரான ஜோன் நீட்னர் 1861இல் கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றித் தனி நூலொன்றே வெளியிட்டார்.

நீட்னரின் காலத்திலேயே, பழுப்புச் செதிற்பூச்சி குளிர்ந்த ஈரமான இடங்களை விரும்புவதையும், வெள்ளைப்பூச்சி என வழங்கிய மாவுப்பூச்சி வெப்பமும் வறட்சியுமுள்ள இடங்களில் செழிப்பதையும் தோட்டக்காரர் வேறுபடுத்தி அறிந்திருந்தனர். மாவுப்பூச்சியின் உடலைப் போர்த்திருக்கும் வெண்பொடி மாவன்று. அது சுரந்த மெழுகு. மெழுகைத் தாராளமாகச் சுரக்கும் பூச்சி வறண்ட சரிவைத் தேர்ந்துகொண்டது என்னும் செய்தி அந்நாளைய ஏடுகளிற் கண்முன்னே கிடந்தும், அதன் உட்பொருளைக் கேட்பார் இருக்கவில்லை. கேட்பதற்குரிய உடற்றொழிலியல் அன்று பிறந்திருக்கவுமில்லை.

பூச்சியை ஒழிக்கச் செய்யப்பட்ட முயற்சிகளுள் ஒன்றை எமர்சன் ரெனன்ற் பதிந்து வைத்துள்ளார். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த அவர், 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில், கோப்பிப்பூச்சியை உண்ணுமென்ற நம்பிக்கையிற் சிவப்பெறும்புகளைத் தோட்டங்களுக்குள் விட்டுப் பார்த்த கதையைக் கூறுகின்றார். நம் மக்கள் முசுறு என்று அழைக்கும் இவ்வெறும்பு கடியிற் கொடியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் மேலாடையின்றி, எண்ணெய் பூசிய உடலினராய் வேலைசெய்தனர். எறும்புகள் அவர்களை ஓயாது கடித்தமையால், அவர்கள் தோட்டத்தில் தங்குவதே ஐயத்துக்குரியதாயிற்று என்று அந்நூல் தெரிவிக்கின்றது. ரெனன்ற்றின் சொற்களிற் கவலை எதைப் பற்றியது என்பதை உற்றுநோக்குதல் வேண்டும். கடிபட்டவரின் நோவு அங்கே பொருளன்று. ஆள் குறைந்துவிடுமோ என்பதே பொருள். இன்றைய பூச்சியியல் இக்கதையில் மற்றொரு நகைமுரணையும் காட்டுகின்றது. செதிற்பூச்சிகள் வெளியிடும் இனிய நீருக்காக முசுறுகள் அவற்றைப் பேணுவதே பெரும்பாலும் வழக்கம். மருந்தென்று கொண்டுவரப்பட்டது நோய்க்கே காவலாய் நின்றிருக்கக்கூடும்.

கோப்பியின் முடிவு பலரும் அறிந்ததே. 1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் முதன்முதலிற் காணப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுள் அது தீவின் கோப்பித் தொழிலை வீழ்த்தியது. எஞ்சி நின்ற செடிகளை 1880களிற் பச்சைச் செதிற்பூச்சி வந்து முடித்தது. இலங்கையிலே பிறந்து, தோட்டக்காரராயிருந்து, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான ஏர்னஸ்ற் கிறீன் இப்பச்சைப் பூச்சிக்கு அறிவியற் பெயரிட்டார்; 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக அவர் வெளியிட்ட இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய நூல் இன்றும் அத்துறையின் மூலநூல்களுள் ஒன்று.

தோட்டத்துரைமார் செடியின் பூச்சியோடு போராடிக்கொண்டிருக்கையில், தொழிலாளரின் வீட்டில் வேறொரு பூச்சி குடியிருந்தது. அது அரிசியின் வண்டு. தோட்ட மக்களின் உணவான அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்து, மூடைகளாக மலையேறி, சம்பளக் கணக்கிற் பிடித்துக் கொடுக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் நிர்ணயித்த விலையில் அரிசி வழங்குதலைச் சம்பளத்தோடு இணைத்தே பேசியது. ஆதலின் மூடையில் வண்டு விழுவது தொழிலாளியைப் பொறுத்தவரை சம்பளத்தில் வண்டு விழுவதற்கு ஒப்பாகும். 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு முறை இறுகிற்று. இருந்த தானியத்தைக் காத்தல் நாட்டுக்கே தலையாய கடனாயிற்று.

தானியத்தைக் காக்கும் முறைகள் தமிழகத்து உழவர்க்குப் புதியனவல்ல. விதைக்கு எடுத்து வைக்கும் பயற்றை அடுப்புச் சாம்பலோடு கலந்து பானையிலிட்டு மூடுவர். துவரையைக் குழைத்த செம்மண்ணிற் புரட்டி வெயிலில் உலர்த்திச் சேமிப்பர். இதனைச் செம்மண் கட்டுதல் என்பர். சாம்பலும் மண்ணும் நஞ்சல்ல. உண்டாலும் கேடில்லை, கழுவினாற் போய்விடும். எனினும் வண்டு சாகின்றது. ஏன் சாகின்றது என்ற வினாவுக்கு உழவர் விடை தேடவில்லை. அதிற் குறையுமில்லை, பானையிலிருந்த விதை அடுத்த போகத்தில் முளைத்ததே அவர்கள் வேண்டிய விடை. சாம்பல் வண்டின் மூச்சுத் துளைகளை அடைத்துவிடுகின்றது என்று பின்னாளில் எழுதியோர் சிலர். அவ்விளக்கம் கேட்பதற்குப் பொருத்தமாயிருந்தும் பிழையானது என்பதை 1940களின் ஆய்வுகள் காட்டின.

அவ்வாய்வுகளுக்கு முன்னோடியாய் அமைந்தவை இரண்டு. 1934இல் கெனத் மெலன்பி, பூச்சி இழக்கும் நீர் உடலின் எவ்விடத்தால் வெளியேறுகின்றது என்பதை ஆராய்ந்தார். உடலின் பக்கங்களில் வரிசையாயுள்ள சுவாசத்துளைகளைப் பூச்சி வேண்டியபோது திறந்து மூடவல்லது. சூழவுள்ள காற்றிற் காபனீரொட்சைட்டைச் சேர்த்தால் அத்துளைகள் திறந்தபடியே நிற்கும். அப்போது நீரிழப்புப் பன்மடங்காகின்றது. சாதாரண வெப்பநிலையில் நீர் பெரும்பாலும் இத்துளைகளின் வழியாகவே செல்கின்றது. புறத்தோல் ஏறத்தாழ முற்றாக அடைபட்டிருக்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

அடுத்த ஆண்டில், 1935இல், கேம்பிறிட்ஜில் ராம்சே என்பவர் நம் வீடுகளில் திரியும் கரப்பான்பூச்சியை எடுத்துக்கொண்டார். அதன் உடலில் மிகச்சிறு நீர்த்துளியொன்றை வைத்து நோக்கியபோது விந்தையொன்று நிகழ்ந்தது. ஆவியாகி மறைந்திருக்க வேண்டிய துளி மறையாது நின்றது. கரப்பான் மேனியிலுள்ள மெல்லிய கொழுப்பு துளியின்மேற் படர்ந்து அதனை மூடிவிட்டதே காரணம். பூச்சியின் தோலை அறுக்காமல், இரசாயனம் எதுவுமின்றி, ஒரு துளி நீரைக்கொண்டே அதன் நீர்காப்பின் இரகசியம் வெளிப்பட்டது. பின் வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தியபோது, ஏறத்தாழ 30 பாகை செல்சியசைக் கடந்ததும் நீரிழப்புத் திடீரெனப் பாய்ந்து ஏறிற்று. உருகும் நெய்யை அறிந்தவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டையும் ஒன்றிணைத்து முழுமையான அறிவாக்கியவர் வின்சன்ற் விகிள்ஸ்வேத். 1899இற் பிறந்து 1994இல் மறைந்த இவர், பூச்சி உடற்றொழிலியல் என்ற துறையையே நிறுவியவர் எனப் போற்றப்படுபவர். போர்க்காலத்தில் இலண்டனிற் பணியாற்றிய அவரது கவனத்தைத் தானியக் களஞ்சியத் தூள்கள் ஈர்த்தன. அதே காலத்திற் பிறிஸ்கோ என்னும் வேதியியலறிஞரின் குழுவினர், நஞ்சில்லாத கனிமத் தூள்கள் களஞ்சிய வண்டுகளை உலர்த்திக் கொல்வதை ஆராய்ந்துகொண்டிருந்தனர். தூள் எவ்வாறு கொல்கின்றது என்பதே வினா.

விகிள்ஸ்வேத் தென்னமெரிக்காவைச் சேர்ந்த இரத்தமுறிஞ்சும் மூட்டைப்பூச்சி இனமொன்றைத் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார். நுண்ணிய அலுமினாத் தூள் தூவிய தாளின்மேல் அதனை நடக்கவிட்டார். வயிறு தாளில் உரசியது. உலர்ந்த காற்றில் வைக்கப்பட்ட அப்பூச்சி விரைவிலே வற்றிச் செத்தது. அதே தூளை இறந்த பூச்சியின்மேல் அசைவின்றித் தூவியபோது நீரிழப்பு அத்துணை கூடவில்லை. மூச்சுத்துளை அடைபடுவதாயின் இவ்வேறுபாடு தோன்றக் காரணமில்லை. தூள் செய்ததெல்லாம், பூச்சி அசையும்போது அதன் மெழுகைச் சுரண்டியதே. வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, மெழுகு கிழிந்த கீறல்களெல்லாம் கருங்கோடுகளாகத் தெரிந்தன. 1944இலும் 1945இலும் இம்முடிபுகள் வெளியாயின. 1945இலேயே அவரோடு இணைந்து பணியாற்றிய பீமன்ற், பூச்சிகளிலிருந்து மெழுகைப் பிரித்தெடுத்து, அதனைக்கொண்டு செயற்கைப் படலங்கள் அமைத்து, அவையும் அவ்வாறே நீரைத் தடுப்பதை நிறுவினார். மெழுகின் மூலக்கூறுகள் நிரையாக அடுக்கப்பட்டிருக்கும் முறை பற்றி அவர் வகுத்த கொள்கை பின்னர்க் கேள்விக்குள்ளாயிற்று. மெழுகே காப்பு என்ற அடிப்படை மாறவில்லை. அம்மெழுகிற் பெரும்பங்கு நீண்ட சங்கிலியுடைய ஐதரோகாபன்கள் என்பதைப் பிற்காலப் பகுப்பாய்வுகள் காட்டியுள்ளன.

விகிள்ஸ்வேத்தின் ஆய்வில் நம் நாட்டவர்க்கு மிக நெருக்கமான பகுதி மண்ணில் வாழும் பூச்சிகளைப் பற்றியதாகும். மண்ணுக்குள் ஊர்ந்து திரியும் புழுக்களை அவர் சோதித்தபோது அவை வறண்ட காற்றில் வெகுவிரைவில் வற்றின. அவற்றுக்கு மெழுகே இல்லையோ என்ற ஐயம் எழுந்தது. மண்ணோடு தொடர்பின்றித் தோலுரிக்கச் செய்தபோது, புதுத்தோல் நன்றாகவே நீரைக் காத்தது. ஆகவே மெழுகு இல்லாமலில்லை. மணற்றுகள் அன்றாடம் அதனைத் தேய்த்துவிடுகின்றது. மண்ணின் ஈரத்துக்குள் இருக்குமட்டும் அதனாற் கேடில்லை. வெளியே வந்தாற் சாவு. தேயிலைத் தோட்டங்களிற் செடியின் உயிர்மரத்தையே அரித்து உள்ளீட்டைக் கூடாக்கிவிடும் கறையான் வகைகள், செடிக்கு வெளியே தலைகாட்டாமல் உள்ளேயே குடும்பத்தோடு வாழ்வதற்கும், நிலக்கறையான் மண்கூரை வேய்ந்த வழியிலன்றிப் பயணஞ் செய்யாமைக்கும் ஒளி மட்டும் காரணமன்று. மென்மேனியுடைய அவ்வுயிர் திறந்த காற்றில் விரைந்து உலர்ந்துவிடும்.

இன்னொரு முடிபும் கருதத்தக்கது. சுரண்டப்பட்ட பூச்சியை ஈரமான காற்றில் வைத்தால் அது சாவதில்லை. உயிர் தங்கி, சில நாட்களில் புது மெழுகைச் சுரந்து கீறல்களை மூடிக்கொள்கின்றது. சாம்பல் இட்ட பானையை ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டுமென்ற பாட்டிமாரின் கண்டிப்புக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை. கச்சான் வீசும் மாதங்களிற் சாம்பல் வல்லதாகும். ஒக்டோபர் பிறந்து வடகீழ் மழை இறங்கிய பின்னர் அது வலுவிழக்கும். அரிசி வண்டு நீர் அருந்துவதில்லை. தானியத்திலுள்ள சிறு ஈரத்தையும், உண்ட மாப்பொருள் உடலில் எரியும்போது பிறக்கும் நீரையும் கொண்டே அது காலந்தள்ளுகின்றது. இவ்வளவு நெருக்கமான வரவுசெலவில் மெழுகின் ஒரு கீறலே கடனாளியாக்கப் போதும்.

உழவரின் வழக்கத்தையும் ஆய்வுகூடத்தின் விளக்கத்தையும் அடுத்தடுத்து நிறுத்தும் பணி இந்தியாவிலே நடந்தது. 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோது அதன் முதற் பணிப்பாளராயிருந்தவர் வி. சுப்பிரமணியன். அவரும் மஜும்தார், நரசிம்மன் ஆகியோரும் 1959இல், பதப்படுத்திய கரியும் களிமண்ணும் பூச்சிகளைக் கொல்லும் தன்மையை உலகறிய எழுதினர். அக்களிமண் சுரண்டுவதோடு நில்லாது, மெழுகை உறிஞ்சியும் எடுத்துவிடுகின்றது. 1961இல் கலிபோர்னியாவின் வால்ரர் எபெலிங்கும், மென்மையான உறிஞ்சும் தூள்கள் மெழுகை ஈர்த்தே கொல்கின்றன என்று விரிவாக நிறுவினார். செம்மண் கட்டிய துவரையிலும் இவ்விரு செயல்களுக்கும் இடமுண்டு. நஞ்சில்லாத, விலை குறைந்த இம்முறை பெருங்களஞ்சியங்களை வென்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. தூள் மெதுவாய்க் கொல்வது. தானியத்தின் பளபளப்பைக் கெடுப்பது. விற்பவனுக்கு இலாபம் தராதது. அதற்குள் மெழுகை உடைக்காமலே ஊடுருவவல்ல வேறொன்று சந்தைக்கு வந்துவிட்டது.

மெழுகுத் திரை நீருக்கு மதில் என்று முன்னர்க் கூறப்பட்டது. அதே திரை எண்ணெய்த் தன்மையுள்ள பொருளுக்குக் கதவாகும். நீரிற் கரையாது கொழுப்பிற் கரையும் பொருள் பூச்சியின் காலிலே பட்டாற் போதும். மெழுகிற் கரைந்து, புறத்தோலைக் கடந்து, நரம்பை அடையும். 1939இற் போல் முல்லர் கண்டறிந்து, 1948இல் நோபல் பரிசும் பெற்றுத்தந்த டி.டி.ரி.யின் ஆற்றல் இதிலேயே தங்கியிருந்தது. அதனையொத்த குளோரின் சேர்மங்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் ஒன்றான டீல்டிரின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்தது.

அதற்குத் தேவை உண்டாக்கியது முன்பு குறிப்பிட்ட தண்டு துளைக்கும் சிறுவண்டு. கிளைக்குள் துளையிட்டு, அத்துளைச் சுவரிற் பூஞ்சணத்தை வளர்த்து, அதனையே உண்டு வாழும் இவ்வண்டு நீரிழப்புப் பற்றிய கவலையே இல்லாதது. பசுமரத்தின் ஈரமே அதன் வீடு. துளையுண்ட கிளை கொழுந்து பறிக்கும் கையின் இழுப்புக்கும் தாங்காது முறியும். வண்டை உள்ளே சென்று கொல்ல இயலாது. புதுக்கிளையைத் துளைக்க வரும்போது பட்டையில் நஞ்சு படிந்திருக்க வேண்டும். அந்நஞ்சு வெயிலுக்கும் மழைக்கும் நீண்டநாள் நிற்கவும் வேண்டும். டீல்டிரின் அவ்வாறு நின்றது.

நின்றதனால் வந்த விளைவு வேறொரு பூச்சியினிடத்தில் வெளிப்பட்டது. இலைசுருட்டிப் புழு தேயிலையின் பழம்பகை. அதன் முட்டைக் கூட்டங்களைத் தொழிலாளர் இலையிலையாகத் தேடிக் கையாற் பொறுக்குவதே முன்னாளைய பரிகாரமாயிருந்தது. 1935-36இல் யாவாவிலிருந்து சிறு குளவியினம் ஒன்று வருவிக்கப்பட்டு விடப்பட்டது. புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, ஒரு புழுவிலிருந்தே பல குளவிகளாக வெளிவரும் அவ்வினம் சில ஆண்டுகளிற் புழுவைப் பெரிதும் அடக்கிற்று. 1925இல் நிறுவப்பட்டு, பின்னர்த் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பெருமைக்குரிய வெற்றிகளுள் இது ஒன்று. 1950களின் பின்னர் டீல்டிரின் தெளித்த தோட்டங்களிலோ இலைசுருட்டிப் புழு மறுபடியும் பெருகிற்று. சுருட்டிய இலைக்குள் மறைந்திருந்த புழு தப்பியது. வெளியே பறந்து திரிந்த மென்மேனிக் குளவி மடிந்தது. மதிலுக்கும் கதவுக்கும் உள்ள வேறுபாட்டை நஞ்சு அறியும். நட்புக்கும் பகைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாது. டீல்டிரினின் கேடு பற்றித் தேயிலைப் பூச்சியியல் ஏடுகளிற் பெரிதும் பேசப்படுவது இவ்விலைசுருட்டிப் பெருக்கமே.

ஆயினும் மெழுகின் வரலாற்றைப் படிப்பவர்க்கு இன்னொரு கேள்வி எழாமலிராது. மனிதனின் தோலும் தன் மேலடுக்கிலுள்ள கொழுப்பினாலேயே நீரைக் காத்துக்கொள்கின்றது. கொழுப்பிற் கரையும் பொருள் பூச்சியின் மேனியைக் கடப்பதுபோலவே மனிதத் தோலையும் கடக்கும். டீல்டிரின் தோல்வழியாக எளிதில் உட்சென்று உடற்கொழுப்பில் நீண்டகாலம் தங்கும் நஞ்சு என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டதாகும். முதுகிற் கலனைச் சுமந்து, கவ்வாத்து வெட்டிய செடிகளின்மேல் அதனைத் தெளித்தவர், நூறாண்டுக்கு முன் முசுறுக் கடிக்கு ஆளானோரின் வழிவந்தவரே. இரு காலத்துக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. 1840களின் தொழிலாளி கடி பொறுக்காமல் தோட்டத்தை விட்டு ஊர் திரும்பிவிடுவானென்று துரைமார் அஞ்சினர். அவ்வச்சமே அவனுக்கு ஓரளவு காவலாயிற்று. டீல்டிரின் வந்தபோது அந்த அச்சத்துக்கு இடமிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964இல் கொழும்பும் புதுடில்லியும் செய்துகொண்ட உடன்படிக்கை, யார் எந்நாட்டுக்கு என்று அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது.

டீல்டிரின் 2001இல் ஸ்ரொக்ஹோமில் ஒப்பமிடப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் முதற் பன்னிரண்டு நஞ்சுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. யாவாக் குளவி இன்றும் தேயிலைத் தோட்டங்களிற் புழுவைத் தேடித் திரிகின்றது. கச்சான் வீசும் மாதங்களில் ஊவாவின் செடிகளிற் செஞ்சிலந்திப் பேன் பரவுகின்றது. அதற்கும் மருந்து தெளிக்கப்படுகின்றது.